பப்மெட் யூஸ் பண்ணி பாத்தேன், 5க்கு 4 குடுப்பேன்

தம்பிக்கு குடல்வால் வீக்கம்னு சொல்லி ஆபரேஷன் பண்ணலாம்னாங்க, வீட்ல எல்லாரும் பதறிட்டாங்க, ஆளாளுக்கு யூட்யூப்ல ஒண்ணு பாத்துட்டு வந்து சொல்றாங்க, நான் வார்டு வாசல்ல உக்காந்து மொபைல்ல பப்மெட்டை திறந்தேன், மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளை தேடிப் பாக்கற சைட். அமெரிக்காவோட தேசிய மருத்துவ நூலகம் நடத்துறது, 1996ல ஆரம்பிச்சது, லாகின் கூட கேக்காது, ஃப்ரீ.

சும்மா அப்பண்டிசைட்டிஸ்னு போட்டா ஆயிரக்கணக்குல வந்து கொட்டுது, தலை சுத்திடும். இடதுபக்கம் ஃபில்டர் இருக்கு பாருங்க (மொபைல்ல தேடி எடுக்கணும்), அதுல ரேண்டமைஸ்டு கன்ட்ரோல்டு ட்ரையல்னு (ஆளுங்களை குலுக்கல் மாதிரி பிரிச்சு சிகிச்சைகளை ஒப்பிடற ஆய்வு) டிக் பண்ணதும்தான் உருப்படியா ஏதோ கண்ணுல பட்டுது. அப்பாக்னு ஃபின்லாந்துல பண்ண ஆய்வு, 2015ல வந்தது, 530 பேர், பாதிப் பேருக்கு ஆபரேஷன் பாதிப் பேருக்கு வெறும் ஆன்டிபயாடிக். மருந்து எடுத்தவங்கள்ல கிட்டத்தட்ட 73 சதவீதம் பேருக்கு ஒரு வருஷத்துக்கு கத்தியே தேவைப்படல! அவ்ளோதான், ஜெயிச்சாச்சுனு நினைச்சேன். ஆனா கீழ முடிவுல பாத்தா, மருந்து ஆபரேஷனுக்கு சளைச்சதில்லனு சொல்ல அவங்களே முன்கூட்டி வச்ச அளவுகோலை தொடலனு போட்டிருக்கு. அதே நம்பர், எனக்கு ஜெயிச்ச மாதிரி தெரிஞ்சது அவங்களுக்கு பத்தல.

இருந்தாலும் மொபைலை தூக்கிட்டு டாக்டர்கிட்ட போனேன். அவங்க சிரிக்கல, திட்டவும் இல்ல, "நல்ல ஆய்வுதான் தம்பி, ஆனா உங்க தம்பி ஸ்கேன்ல குடல்வாலுக்குள்ள கல்லு தெரியுது, அந்த ஆய்வுல கல்லு இருக்கறவங்கள சேர்த்துக்கவே இல்லயே"ன்னாங்க. நான் அப்ஸ்ட்ராக்ட் (பேப்பரோட சுருக்கம்) மட்டும்தான படிச்சேன், யாரை சேர்த்தாங்க யாரை விட்டாங்கங்கறதெல்லாம் முழு பேப்பர்ல உள்ள கிடக்கு.

திரும்ப வந்து, கீழ 'இதே மாதிரி கட்டுரைகள்'னு ஒரு பகுதி வருமே, அதை தட்டித் தட்டி போனேன், எனக்கு ரொம்ப பிடிச்சதே அதான். 2020ல வந்த கோடா ஆய்வு கிடைச்சது, 1552 பேர், இதுல கல்லு உள்ளவங்களையும் சேர்த்திருக்காங்க. மருந்து எடுத்தவங்கள்ல 90 நாளுக்குள்ள ஆபரேஷனுக்கு வந்தவங்க, கல்லு இல்லாதவங்கள்ல 100க்கு 25, கல்லு இருந்தவங்கள்ல 41. டாக்டர் ஏன் அப்படி சொன்னாங்கனு அப்பதான் புரிஞ்சது, அடுத்த நாள் காலைல கையெழுத்து போட்டோம்.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, நிறைய பேப்பருக்கு அப்ஸ்ட்ராக்ட் மட்டும்தான் காட்டும், முழுசு வேணும்னா ஜர்னல் சைட்டுக்கு போய் காசு கட்டணும் (ஃப்ரீ ஃபுல் டெக்ஸ்ட்னு ஒரு ஃபில்டர் இருக்கு, முதல்ல அதை போட்டுப் பாருங்க). இன்னொண்ணு, அதுல இருக்குங்கறதாலயே சரியான ஆய்வுனு அர்த்தம் இல்ல, நல்லது சொத்தை ரெண்டும் பக்கத்து பக்கத்துல நிக்கும். வாபஸ் வாங்கின பேப்பர்னா மேலயே பட்டையா எச்சரிக்கை போட்டுடறாங்க, அது நல்ல விஷயம்.

தம்பி இப்ப நல்லா இருக்கான். இந்த கதையெல்லாம் சொன்னப்ப "அந்த 41 பேர்ல நானும் ஒருத்தனா"ன்னு கேட்டான், நீ அந்த ஆய்வுலயே இல்லடான்னேன், மூஞ்சி தொங்கிப்போச்சு.