கோழித்தூக்கம் போடும் மடிக்கணினி: டெபியனோடு சில வருடங்கள்

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தாலும் முடிந்தது, நண்பர்கள் மாற்றி மாற்றி ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "நீதான் லினக்ஸ் வெச்சிருக்கியே, என் பழைய லேப்டாப்புலயும் போட்டுரலாமா?" கடைசியாகக் கேட்டவனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அன்று காலைதான் என் மடிக்கணினி பேட்டரி வற்றிக் கிடந்தது என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இலவசம், வேகம், வைரஸ் தொல்லை இல்லை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என்னுடையது டெபியன் என்ற லினக்ஸ் வகை. பிரின்டரைச் செருகியதும் வேலை செய்தது. வைஃபை நிறுவும்போதே வந்துவிட்டது. முன்பெல்லாம் அப்படி வராது. வைஃபை போன்ற பாகங்களுக்குள் ஓடும் குட்டி நிரலான ஃபர்ம்வேரை, அதுவும் மூலநிரல் வெளியிடப்படாததை, தனியாகத் தேடிப் போட வேண்டும். அதை அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்க்கலாமா, சேர்த்தால் கட்டற்ற மென்பொருள் என்ற கொள்கை என்னாவது என்று டெபியன்காரர்கள் பொதுவில் வாதாடி, 2022இல் வாக்கெடுப்பு நடத்தி, சரி சேர்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். 2023இல் வந்த டெபியன் 12 அப்படித்தான் வந்தது.

என் வயிற்றெரிச்சல் ஒன்றே ஒன்றுதான். மூடியை மூடினால் இது தூங்குவதில்லை.

தூங்குகிற மாதிரி பாவனை காட்டும். திரை அணையும், மின்விசிறி நிற்கும், ஓரத்து விளக்கு மெல்ல மினுக்கும். முக்கால்வாசி சார்ஜோடு இரவில் மூடி வைத்தால் காலையில் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்க்க வேண்டியதுதான். பையில் வைத்துக்கொண்டு போனால் அடிப்பாகம் சுடுகிறது.

முன்பு மடிக்கணினிகளில் எஸ்3 என்றொரு உறக்கம் இருந்தது. நினைவகத்துக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் போகும், மற்றதெல்லாம் அடங்கிவிடும். கும்பகர்ணத் தூக்கம். இப்போது பல தயாரிப்பாளர்கள் அதை எடுத்துவிட்டு, லினக்ஸில் எஸ்2ஐடில் என்று அழைக்கப்படும் ஒன்றைத்தான் தருகிறார்கள். இதில் எதுவும் முழுதாக அணையாது. ஒவ்வொரு பாகமும் தானாகக் குறைந்த மின்சாரத்துக்கு இறங்க வேண்டும். ஏதோ ஒரு கார்டு ரீடரோ எஸ்எஸ்டியோ இறங்க மறுத்தால் மொத்தக் கணினியும் அதோடு சேர்ந்து விழித்திருக்கும். கோழித்தூக்கம்.

லினக்ஸில் இதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். மெம்_ஸ்லீப் என்று ஒரு குட்டிக் கோப்பு. திறந்தால் ஒரே வரி. கொடுத்துவைத்தவர்களுக்கு அதில் 'டீப்' என்ற சொல்லும் இருக்கும், அதாவது அந்தப் பழைய எஸ்3. எனக்கு எஸ்2ஐடில் மட்டும், சதுர அடைப்புக்குள் தன்னந்தனியாக. இன்டெல் சிப் உள்ள கணினிகளில், ஆழ்ந்த நிலையில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று மைக்ரோ விநாடியில் கணக்கு வைக்கும் இன்னொரு கோப்பும் உண்டு. ஓர் இரவு முழுக்க மூடிவைத்துவிட்டுக் காலையில் சார்ஜரைச் செருகியபடியே அதைத் திறந்தேன். சுழி.

தயாரித்த நிறுவனத்துக்கு எழுதினால் "இந்த மாடலில் விண்டோஸ் மட்டுமே ஆதரிக்கப்படுகிறது" என்று ஒற்றை வரியில் கதவைச் சாத்திவிட்டார்கள். லினக்ஸ் பக்கம் கதையே வேறு. மூடி மூடப்பட்டதைக் கவனித்துத் தூங்கச் சொல்வது யார் என்று தேடினேன். கணினி தொடங்கியதும் மற்ற நிரல்களைக் கிளப்பிவிடும் சிஸ்டம்டியின் ஒரு பகுதியான லாகின்டி. சரி, இந்த சிஸ்டம்டி டெபியனுக்குள் எப்படி வந்தது என்று நூல் பிடித்துப் போனால் 727708 என்ற எண்ணுள்ள வழுப்பதிவில் போய் நின்றது. தொடக்க நிரலாக எதை வைப்பது என்ற பெரும் சண்டையே அதில்தான் நடந்திருக்கிறது. 2014 பிப்ரவரியில் தொழில்நுட்பக் குழுவின் வாக்குகள் சமமாகப் பிரிந்து, தலைவரின் தீர்மான வாக்கால் சிஸ்டம்டி ஜெயித்தது. பிடிக்காதவர்கள் பிரிந்து போய் தேவுவான் என்று தனிக்கடை போட்டார்கள். கணினிக்குள் நடக்கும் ஒரு விஷயத்துக்கு இவ்வளவு பேர் இவ்வளவு காரணம் சொல்லி, ஒருவரை ஒருவர் மடக்கி, அத்தனையும் அழியாமல் கிடக்கிறது. அன்று இரவு தூங்காதது மடிக்கணினி மட்டுமல்ல.

அப்புறம் ஹைபர்நேட். நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டு முழுதாக அணைந்துவிடும், பேட்டரி குறையாது. ஆனால் கையொப்பமிட்ட நிரல்களை மட்டுமே தொடங்கவிடும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருந்தால் டெபியன் ஹைபர்நேட்டை அனுமதிக்காது. காரணம் லினக்ஸின் மையநிரலான கெர்னலில் உள்ள லாக்டவுன் என்ற பூட்டு ஏற்பாடு: வட்டில் எழுதிய நினைவகப் பிரதியை யாராவது மாற்றிவைத்தால் என்ன செய்வது என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் லாக்டவுனை செக்யூர் பூட்டோடு முடிச்சுப்போடுவது சரியா என்று லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2018இல் எகிறியிருக்கிறார். 2019இல் 5.4 பதிப்பில் அது கெர்னலுக்குள் வந்தபோது அந்தத் தானியங்கி முடிச்சு இல்லாமல்தான் வந்தது. டெபியன் போன்றவை தாங்களாகவே போட்டுக்கொண்டன. இரண்டு பக்கத்தையும் படித்தேன். இரண்டு பக்கமும் சரியாகவே படுகிறது. பேட்டரி மட்டும் காலி.

இப்போது என்ன செய்கிறேன் என்றால், கணினி தொடங்கும்போது நுழையக்கூடிய பயாஸ் அமைப்பில் கார்டு ரீடரை அணைத்து வைத்திருக்கிறேன். அதே மாடல் வைத்திருக்கும் முகம் தெரியாத ஒருவர், பாகம் பாகமாக அணைத்து மின்செலவை அளந்து பொதுவில் எழுதிவைத்த யோசனை. வற்றுவது பாதியாகக் குறைந்தது. பைசா வாங்காத மனிதர் செய்ததை, பணம் வாங்கிய நிறுவனம் செய்யவில்லை. ஆனாலும் நீண்ட பயணம் என்றால் முழுதாக அணைத்துவிட்டுத்தான் பையில் வைக்கிறேன்.

மதிப்பெண் கேட்டால் இன்றைக்கு ஐந்துக்கு இரண்டு. விண்டோஸுக்குத் திரும்புவேனா என்றால் மாட்டேன். நண்பனுக்கு ஏன் வேண்டாம் என்றேன்? அவனுக்கு மூடியை மூடினால் தூங்க வேண்டும், அவ்வளவுதான். 727708ஐ உட்கார்ந்து படிக்கிற ஆள் இல்லை அவன்.

லினக்ஸுக்கென்றே புதிதாக மடிக்கணினி வாங்குபவர்கள், நிறுவாமலேயே ஓட்டிப்பார்க்கக்கூடிய ஒரு டெபியன் லைவ் பென்டிரைவோடு போங்கள். ஏற்றி, அந்தக் குட்டிக் கோப்பைத் திறந்து பாருங்கள். 'டீப்' இல்லையென்றால் பத்து நிமிடம் மூடிவைத்துவிட்டு, இன்டெல் கணினி என்றால் அந்த இன்னொரு கோப்பில் சுழி மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் வாங்காதீர்கள். விற்பவர் முறைப்பார், முறைக்கட்டும்.