டிகோடர் மூன்று, டிஷ் ஒன்று

2024 ஜூன் 29, பார்படாஸில் டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம், கடைசி ஓவர். மில்லர் தூக்கி அடித்த பந்தை எல்லையோரத்தில் சூர்யகுமார் பிடித்து, மேலே தட்டிவிட்டு, உள்ளே வந்து மறுபடி பிடித்தார். கால் கயிற்றில் பட்டதா? டர்பனில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் கூடத்தில் அன்று பெரிய சண்டை. ஆயா இந்தியா கட்சி, அக்கா மகன் தென்னாப்பிரிக்கா. அவன் டிவிக்கு ஒரு முழம் தள்ளி நின்று உற்றுப் பார்த்தும் கயிறு கலங்கலாகத்தான் தெரிந்தது. எச்.டி. எனும் துல்லியப் படத்துக்காக டிஎஸ்டிவிக்கு மாதாமாதம் பணம் கட்டுகிற வீடு!

மறுநாள் டிவியின் முதுகைப் பார்த்தேன். டிஷ் சிக்னலைப் படமாக்கும் டிகோடர் பெட்டியைப் பொருத்த வந்த ஆள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரைச் சொருகிவிட்டுப் போயிருக்கிறார். எச்.டி.எம்.ஐ. வயர் உறை பிரியாமல் அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது. அந்த மஞ்சள் வயரில் எச்.டி. படம் வரவே வராது. வயரை மாற்றி, செட்டிங்ஸில் படத்தின் கோடுகள் 576 என்றிருந்ததை 1080 ஆக்கினேன். ரீப்ளேயில் புல்லின் நுனிகூடத் தெரிந்தது. சண்டை மட்டும் தீரவில்லை.

அதன் பிறகுதான் எதற்குப் பணம் கட்டுகிறோம் என்று கணக்குப் போட்டேன். டிஎஸ்டிவியில் எச்.டி. 2008 முதல் உண்டு. அதன் பலம் சூப்பர்ஸ்போர்ட் விளையாட்டு சேனல்கள். கிரிக்கெட், ரக்பி பார்க்கிற வீட்டுக்கு அதற்கு இணை இங்கே இல்லை. தமிழ் சேனலுக்குத் தனியாகச் சேர்த்துக் கட்ட வேண்டும். வயர் மாற்றிய அன்று ஆயாவின் சீரியலில் ஏதாவது மாறியதா என்று கேட்டேன். "முகம் அப்பவும் தெரிஞ்சுது, இப்பவும் தெரியுது" என்றாள். சேனல் அனுப்புகிற படமே 576 கோடு என்றால் டிகோடர் அதை ஊதிப் பெரிதாக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு டிஷ் சேவையான ஓப்பன்வியூ 2013இல் வந்தபோது பெயரிலேயே எச்.டி. ஒட்டிக்கொண்டிருந்தது. அது டிகோடரைப் பற்றிய பேச்சு. சேனல்கள் எல்லாம் அப்படி என்று நம்பி வாங்காதீர்கள். ஆனால் டிகோடருக்கும் பொருத்துவதற்கும் ஒருமுறை பணம் கொடுத்தால் மாதச் சந்தா கிடையாது. ஈ.டிவி, எஸ்.ஏ.பி.சி. செய்திகளுக்கு எங்களுக்குப் போதும். தமிழுக்கென்று தனிச் சேனல்தான் இல்லை.

ஓப்பன்வியூ விற்ற கடைக்காரர் சொல்லாமல் விட்ட ஒன்று: இரண்டுக்கும் சிக்னல் கிழக்குத் தீர்க்கரேகை 68.5 பாகையில் நிற்கிற செயற்கைக்கோள் இடத்திலிருந்துதான் வருகிறது. இன்னொரு டிஷ் வேண்டாம், இருப்பதைத் திருப்பவும் வேண்டாம். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்குகிற எல்.என்.பி.யில் இன்னொரு வாய் இருந்தால் தனி வயர் இழுத்தால் போதும். டர்பன் கோடையில் இடிமழை கொட்டினால் இரண்டும் சேர்ந்தே போய்விடும் என்பதும் இதனால்தான்.

இப்போது பெரிய டிவி கூடத்தில், கிரிக்கெட்டுக்கு. ஓப்பன்வியூ சமையலறைப் பக்கத்துச் சின்ன டிவியில். ஆயாவுக்கு அவள் அறையிலேயே பழைய 32 அங்குல டிவியும் இரண்டாவது டிஎஸ்டிவி டிகோடரும், இரண்டையும் இணைக்கிற எக்ஸ்ட்ராவியூவில் ஒரே சந்தாவில். மஞ்சள் வயர்தான் போட்டிருக்கிறேன்.