டிஸ்க்கைச் செருகினால் போதும்: வீம் ஏஜென்ட் இலவசப் பதிப்பு

முன்பு வைத்திருந்த பேக்கப் மென்பொருளை நம்பி ஏமாந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், இதில் நான் எதற்கெல்லாம் மதிப்பெண் போடுகிறேன் என்பது அப்போதுதான் புரியும். பெயர் வேண்டாம். ஞாயிறு இரவு 11 மணிக்கு ஓடும்படி அமைத்திருந்தேன். ஞாயிறு இரவு 11 மணிக்குக் கணினி அணைந்திருக்கும், இல்லையென்றால் வெளி டிஸ்க் அலமாரிக்குள் இருக்கும். அது பாட்டுக்குத் தன் லாக்கில் ஒரு வரி பிழை எழுதிவிட்டு அடுத்த ஞாயிறு வரை பேசாமல் இருந்துவிடும். ஒரு நாள் காலையில் எஸ்எஸ்டி டிஸ்க் பயாஸிலேயே (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) தெரியாமல் போனபோது கையில் இருந்த கடைசி இமேஜுக்கு (டிஸ்க் முழுவதையும் அப்படியே நகலெடுத்த பேக்கப்) வயது ஏழு மாதம். ஆவணங்கள் கிளவுடில் இருந்ததால் தப்பின, ஆனால் விண்டோஸ், டிரைவர்கள், நிரல்கள், ஒவ்வொன்றிலும் பார்த்துப் பார்த்து வைத்திருந்த செட்டிங்குகள் என்று எல்லாவற்றையும் திரும்பப் போட ஒரு வார இறுதி முழுதாகப் போயிற்று.

அதன் பிறகு வந்ததுதான் வீம் ஏஜென்ட் ஃபார் விண்டோஸ். நிறுவனங்களின் சர்வர்களுக்கு பேக்கப் தயாரிக்கும் கம்பெனியின் சரக்கு. 2015-ல் எண்ட்பாயிண்ட் பேக்கப் என்ற பெயரில் வந்து, பின்னால் பெயர் மாறியது. மேக்ரியம் ரிஃப்ளெக்ட் என்ற இன்னொரு பேக்கப் மென்பொருளின் இலவசப் பதிப்புக்கு 2024 தொடக்கத்தோடு ஆதரவு நின்றுபோனதால் இப்போது பலரும் இந்தப் பக்கம் வருகிறார்கள். இறக்குவதற்கு மின்னஞ்சல் கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும், அது ஒரு சின்ன எரிச்சல்.

எனக்கு இதில் பிடித்துப்போனது ஒரே ஒரு டிக் பெட்டி. எப்போது பேக்கப் எடுக்க வேண்டும் என்று கேட்கும் பக்கத்தில், தினமும் இத்தனை மணிக்கு என்பதோடு, திரையைப் பூட்டும்போது, லாக்ஆஃப் செய்யும்போது, அப்புறம் பேக்கப் டிஸ்க்கைச் செருகும்போது என்றும் தேர்ந்தெடுக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் விஷயம். டிஸ்க்கை யுஎஸ்பியில் செருகுகிறேன், அதுவாகவே தொடங்குகிறது, முடிந்ததும் டிஸ்க்கை அதுவாகவே இஜெக்ட் செய்துவிடுகிறது (அதற்குத் தனியாக ஒரு பெட்டி, மறக்காமல் டிக் செய்யுங்கள்). ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய நிரல்) வந்தால் கணினியோடு ஒட்டியிருக்கும் எல்லா டிரைவையும்தான் முதலில் பூட்டும். இஜெக்ட் ஆன டிஸ்க் அதன் கைக்கு எட்டாது. குறித்த நேரத்தில் கணினி அணைந்திருந்தால் அடுத்து ஆன் செய்தவுடன் எடு என்றும் சொல்லி வைக்கலாம், அந்தப் பழைய ஞாயிறு இரவுச் சிக்கலுக்கு அதுவே மருந்து.

இதில் ‘முழுக் கணினி’ என்று தேர்ந்தெடுத்தால் சி டிரைவோடு நிற்காமல் பூட் ஆவதற்கான சின்ன இஎஃப்ஐ பார்ட்டிஷன் வரை சேர்த்தே இமேஜாக எடுக்கும். விண்டோஸின் ஷேடோ காப்பியை (டிஸ்க்கின் அந்த நொடி நிலையை உறையவைத்துக் கொடுக்கும் வசதி) பயன்படுத்துவதால் பேக்கப் ஓடும்போதே வேலை செய்துகொண்டிருக்கலாம். முதல் முறை முழு இமேஜ், அதற்கு நேரமாகும். அடுத்தடுத்து மாறிய பகுதிகள் மட்டும், இதைத்தான் இன்க்ரிமென்டல் என்கிறார்கள். ஒன்று கவனியுங்கள்: டிஃப்ராக் (சிதறிய கோப்புத் துண்டுகளை ஒழுங்காக அடுக்குவது) செய்தாலோ, பெரிய விர்ச்சுவல் மெஷின் கோப்பு வைத்திருந்தாலோ அன்றைய இன்க்ரிமென்டல் வீங்கிவிடும், நீங்கள் ஒன்றும் செய்யாதது போலத் தோன்றினாலும் டிஸ்க்கில் பிளாக்குகள் (தரவுத் துண்டுகள்) இடம் மாறியிருக்கும். வெளி டிஸ்க் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் இருக்கட்டும், ஃபேட்32-வில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது.

எத்தனை நாள் பேக்கப் வைத்திருக்க வேண்டும் என்ற கணக்கும் யோசித்துச் செய்தது. 7 நாள் என்று போட்டால் அது காலண்டர் நாள் இல்லை, பேக்கப் நடந்த நாட்களை மட்டும்தான் எண்ணும். மூன்று வாரம் வெளியூர் போய்விட்டு வந்து டிஸ்க்கைச் செருகியவுடன் பழையதையெல்லாம் காலாவதி என்று அழித்துவிடாது. வரம்பைத் தாண்டினால் மிகப் பழைய இன்க்ரிமென்டலை முழு இமேஜுக்குள் சேர்த்துக்கொண்டு சங்கிலியைச் சுருக்கும்.

சரி, ரீஸ்டோர். பேக்கப் மென்பொருளுக்குப் பரீட்சையே இங்கேதான், பலர் இதை எழுதாமலே நட்சத்திரம் கொடுத்துவிடுகிறார்கள். நிறுவிய அன்றே ஒரு பென் டிரைவில் ரிக்கவரி மீடியா செய்துகொள்ளுங்கள். பென் டிரைவில் இருப்பது அழிந்துவிடும், அதனால் காலியான ஒன்றாக எடுங்கள். உங்கள் கணினியின் டிரைவர்களையும் சேர்க்கவா என்று கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். நான் நல்ல டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு பழைய எஸ்எஸ்டியை மாட்டி, அந்தப் பென் டிரைவில் பூட் செய்து ஒத்திகை பார்த்தேன். பார்ட்டிஷன்களின் அளவைக் கையால் மாற்றிக்கொள்ளும் இடம் வரை போகும்போது கொஞ்சம் வியர்த்தது, தவறான டிஸ்க்கைத் தொட்டுவிடுவோமோ என்று. கணினிக்குள் இருப்பதே ஒரு டிஸ்க்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தொடர்ந்தேன். முடிந்து ரீபூட் ஆனதும் பழைய வால்பேப்பரோடு விண்டோஸ் வந்து நின்றது. ஒற்றைக் கோப்பு மட்டும் வேண்டுமென்றால் இவ்வளவும் தேவையில்லை, அந்தத் தேதியின் இமேஜைத் திறந்து கோப்பை இழுத்துக்கொள்ளலாம்.

பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) வைத்திருப்பவர்களுக்கு: ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸிலிருந்து எடுக்கும் இமேஜுக்குள் தரவு பூட்டில்லாமல்தான் இருக்கும். பேக்கப்புக்குத் தனியாகக் கடவுச்சொல் போடும் வசதியை ஆன் செய்யுங்கள், ரீஸ்டோருக்குப் பிறகு பிட்லாக்கரையும் மறுபடி போட வேண்டும். அந்தக் கடவுச்சொல்லை அதே கணினியில் மட்டும் சேமித்து வைக்கும் புத்திசாலித்தனம் வேண்டாம்.

குறை என்றால், இலவசப் பதிப்பில் ஒரே ஒரு பேக்கப் வேலைதான் அமைக்க முடியும். ஒன்று வெளி டிஸ்க்குக்கு, இன்னொன்று நெட்வொர்க் ஃபோல்டருக்கு என்று இரண்டு வைக்க வழியில்லை. அதனால் இன்னொரு டிஸ்க்கில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குளோன்ஸில்லாவால் தனி இமேஜ் எடுக்கிறேன். அதுவும் இலவசம், பென் டிரைவில் பூட் ஆகி, விண்டோஸ் ஓடாத நேரத்தில் பயன்பாட்டில் உள்ள பிளாக்குகளை மட்டும் நகலெடுக்கும், நம்பகமானது, ஆனால் தானாக ஓடாது. நாள் வந்ததும் நானே ஞாபகமாக உட்கார்ந்து செய்ய வேண்டும். போன முறை இரண்டு மாதம் தாமதம்.