பொன்னியின் செல்வன்: தைத்து எடுத்த பிரதியும் தீராத கோபமும்

இரண்டாம் பாகம் முதுகு பிளந்து தாள் தாளாகக் கழன்றுவிட்டது. கிளிநொச்சியில் ஒரு அச்சகத்தில் கொடுத்து நூல் போட்டுத் தைத்து எடுத்தேன். அதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட்டதும் மச்சாள் கேட்டாள்: "இதைக் காதல் கதை எண்டு சொல்லுறாங்கள். நம்பி வாங்கலாமோ?"

முதலில் புத்தகம். கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமையானவை. அதனால் யாரும் அச்சடிக்கலாம், அடிக்கிறார்கள். விலை குறைந்த பதிப்புகளில் அநேகம் வெறும் பசை ஒட்டு. சித்திரை வெயிலில் அந்தப் பசை காய்ந்து பொருக்காகிவிடும். கடையில் முதுகின் மேல் விளிம்பைப் பாருங்கள். தாள்கள் மடிப்பு மடிப்பாகத் தெரிந்தால் தைத்தது. வாங்கின பிறகு நிலத்தில் மட்டும் அடுக்க வேண்டாம். கறையானுக்குச் சோழரும் ஒன்றுதான், பாண்டியரும் ஒன்றுதான்.

இனிக் கதைக்கு வருவோம். வீரன் வந்தியத்தேவனும் சோழ இளவரசி குந்தவையும் வரும் பக்கங்களை எத்தனை தரம் படித்திருப்பேனோ. அரிசிலாற்றங்கரையில் முதலை என்று நினைத்து வேல் எறிகிறானே, அந்த இடம்! அது செத்த முதலை, உள்ளே பஞ்சு. பெண்கள் சிரிக்க, வீரசூரர் அசடு வழிந்துகொண்டு நிற்கிறார். ஒரு ஆண்பிள்ளையைக் கதாநாயகியின் முன்னால் இப்படி நிற்கவைத்துவிட்டு, அதன் பிறகும் அவன்மேல் எங்களுக்கு ஆசை வரப்பண்ண எல்லாராலும் முடியாது. அதற்குப் பிறகு அவன் குந்தவையின் ஓலையைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டி ஈழத்துக்கு வருகிறான். எங்கட பக்கத்தில் தரகர் சாதகக் கட்டோடு இரண்டு வீடு ஏறி இறங்கினால் அலுவல் முடிந்துவிடும்.

இவ்வளவும் செய்வித்துவிட்டு, கலியாணத்தைக் காட்டவில்லை! இதுதான் என் கோபம். 1950இல் தொடங்கி 1954 வரை தொடர்கதையாக வந்தபோது வாரம் வாரம் காத்திருந்த சனம் எப்படிப் பொறுத்ததோ தெரியாது. ஐந்தாம் பாகத்தின் கடைசியில், வந்தியத்தேவனை ஒருதலையாக விரும்பின மணிமேகலை அவன் மடியில் உயிரை விடுகிறாள். குந்தவைக்கு? முடிவுரையில், யார் யாருக்கு என்ன ஆனது என்று சொல்லும்போது ஒரு ஓரம். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டே அவளை வந்தியத்தேவரின் தேவி என்கிறது. கல்லில் வெட்டினவனுக்கு இருந்த மனசு கதை எழுதினவருக்கு இல்லாமல் போச்சே.

நியாயமாய்ச் சொன்னால், தலைப்பு குந்தவையின் தம்பி அருள்மொழிவர்மனுடையது. அரசியலும் சதியும் முடிந்ததும் கதை முடிந்துவிட்டது. சரி. மணிமேகலையின் சாவும் நன்றாகத்தான் எழுதியிருக்கிறது, ஒவ்வொரு முறையும் அழுகிறேன். அழுதுகொண்டே திட்டுகிறேன்.

படகோட்டிப் பெண் பூங்குழலி படகு வலிக்கும் இடங்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஈழத்துக் காட்டுக்குள் வந்தியத்தேவன் ஆக்கள் நடக்கும்போது எனக்குப் பாலைப்பழ வாசம் வரவில்லை. அந்த வாசம் வேண்டுமென்றால் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி' இருக்கிறது. 1973இல் வீரகேசரி போட்ட நாவல், வன்னியில் இருக்கும் தண்ணிமுறிப்புக் கிராமத்துக் கதை. அதில் பதஞ்சலியும் கதிராமனும் அரண்மனை, ஓலை ஒன்றும் இல்லாமல் சேர்கிறார்கள், சேர்ந்த பிறகுதான் கதையே சூடு பிடிக்கிறது. கலியாணத்துக்குப் பிறகும் மனசு என்று ஒன்று இருக்கிறது என்று தெரிந்த எழுத்து. ஒரு இரவில் முடிக்கலாம், முதுகும் பிளக்காது.

ஆகவே மச்சாள், காதலுக்காக என்றால் பொன்னியின் செல்வன் வாங்காதே. காசு மிச்சம். என்னுடையதை இரவல் கேட்காதே, தையல் கூலி கொடுத்து எடுத்தது. அதோடு நான் இப்போது மூன்றாம் பாகத்தில் நிற்கிறேன்.