ரஸ்க் இல்லாத சாசேஜ் பெங்களூரில் எங்கே கிடைக்கும்? எஸ்.சி.டி டயட்காரர்களுக்காக ஒரு ரிவ்யூ

எஸ்.சி.டி, அதாவது ஸ்டார்ச்சையும் சர்க்கரையையும் ஒதுக்கும் ஸ்பெசிஃபிக் கார்போஹைட்ரேட் டயட்டில் இருக்கிற ஒருவருக்குப் பெங்களூரில் சாசேஜ் வாங்க வேண்டுமென்றால் சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசர் பக்கமே போக வேண்டாம். ஃப்ரேசர் டவுன், காக்ஸ் டவுன் பக்கம் இருக்கிற பழைய கோல்டு கட்ஸ் (ஹாம், சலாமி, சாசேஜ் மாதிரி கறி வகைகள்) கடைகளில் ஏதாவது ஒன்றில், என்னென்ன போட வேண்டும் என்று சொல்லி அரைத்து வாங்குங்கள். நாங்கள் வாங்குவது மாஸ்க் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சின்னக் கடையில். கல்லாவில் இருக்கும் பெரியவரும் சரி, உள்ளே கறி வெட்டுகிற பையன்களும் சரி, தமிழில்தான் பேசுவார்கள். தமிழர்கள் நிறைய இருக்கும் இந்தக் கண்டோன்மென்ட் ஏரியாவில் அது ஆச்சரியமில்லை, ஆனால் சாப்பாட்டில் என்ன கலந்திருக்கிறது என்று துருவித் துருவிக் கேட்க வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்குச் சொந்த மொழியில் கேட்க முடிவது பெரிய விஷயம்.

இதெல்லாம் என் தம்பிக்காக. அவனுக்கு க்ரோன்ஸ் நோய், குடலில் நாள்பட்ட அழற்சி. மருந்து, ஊசி எல்லாம் ஒரு பக்கம் நடக்கிறது, அதோடு டயட்டீஷியன் மேற்பார்வையில் இந்த ஸ்பெசிஃபிக் கார்போஹைட்ரேட் டயட்டும். அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு, மரவள்ளி, சர்க்கரை, வெல்லம், பால் எதுவும் கூடாது. தேன் சேர்க்கலாம், பழம் சாப்பிடலாம், 24 மணி நேரம் புளிக்க வைத்த தயிர் சாப்பிடலாம், கறி மீன் முட்டை சாப்பிடலாம். சிட்னி ஹாஸ் என்ற நியூயார்க் குழந்தை மருத்துவர் சீலியாக் (கோதுமையில் இருக்கும் க்ளூட்டன் புரதம் ஒத்துக்கொள்ளாத குடல் நோய்) உள்ள பிள்ளைகளுக்காக உருவாக்கியது இது. 1950களில் அவரிடம் தன் மகளின் பெருங்குடல் புண்ணுக்கு வைத்தியம் பார்த்த எலேன் காட்ஷால், பிறகு தானே உயிர்வேதியியல் படித்து இதை உலகம் முழுக்கக் கொண்டு போனார்.

இட்லி தோசையில் வளர்ந்த ஒருவனுக்கு இந்த டயட்டில் காலைச் சாப்பாடுதான் பெரிய கஷ்டம். மதியம் கறியும் காயும் வைத்து ஓட்டிவிடலாம். காலையில் தினமும் முட்டை, முட்டை, முட்டை. எட்டு மணிக்கு ஆபீஸ் கேபைப் பிடிக்க ஓடுகிறவனுக்குத் தவாவில் ஐந்து நிமிஷத்தில் வேகிற ஒன்று வேண்டும். சாசேஜ் வேட்டை அங்கேதான் ஆரம்பித்தது.

சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரில் இருக்கிற சிக்கன் சாசேஜ் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எடை அதிகமான பொருள் முதலில் வர வேண்டும் என்பது நம் நாட்டு லேபிள் விதி. அநேகமாக கோழிக்கறிக்கு அடுத்தபடியே தண்ணீர் இருக்கும். அந்தத் தண்ணீர் கறிக்குள் நிற்க வேண்டும் இல்லையா, அதற்குத்தான் ஸ்டார்ச், சோயா புரதம், 451, 452 என்ற எண்களில் வரும் பாஸ்பேட்டுகள், சில பாக்கெட்டுகளில் 407, அதாவது கடல்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன். 1422, 1442 என்று நாலு இலக்க எண் இருந்தால் அது மாற்றியமைத்த ஸ்டார்ச். அப்புறம் சர்க்கரை அல்லது டெக்ஸ்ட்ரோஸ், 250 என்ற நைட்ரைட், அதாவது கறி கெடாமலும் இளஞ்சிவப்பாகவும் இருக்கப் போடும் உப்பு. நல்ல உடம்புக்காரர் எப்போதாவது சாப்பிட்டால் பெரிய பிரச்சினை இல்லை. இந்த டயட்டிலோ ஸ்டார்ச்சும் சர்க்கரையும் கராஜீனனும் ஒரு துளிகூட கூடாது.

லேபிளை எழுத்துக்கூட்டிப் படித்தாலும் போதாது என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. ஒரு பொருளில் சேரும் கலவை, மொத்தத்தில் 5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், அதற்குள் என்னென்ன இருக்கிறது என்று (451, 250 மாதிரி எண் உள்ள சேர்க்கைப் பொருட்கள் தவிர) பிரித்து எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. 'மசாலா கலவை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அதற்குள் சோள மாவு இருக்கலாம், ஸ்டார்ச்சிலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின் பொடி இருக்கலாம். நம் வீட்டுப் பெருங்காய டப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள், கூட்டுப் பெருங்காயத்தில் மைதாவோ அரிசி மாவோ இருக்கும், டப்பாவிலேயே போட்டிருக்கும். எங்கள் வீட்டில் டயட் தொடங்கியதும் முதலில் வெளியே போனது அதுதான்.

என்னை உண்மையாகவே கோபப்படுத்தியது ஃப்ரீசர் பாக்கெட் இல்லை, 'ஆரோக்கியம்' என்று சொல்லி விற்கிற ரகம்தான். மொபைல் ஆப்பில் ஒரு பிராண்ட், பெயர் வேண்டாம். பிரிசர்வேட்டிவ் கிடையாது, நைட்ரைட் கிடையாது, க்ளூட்டன் கிடையாது என்று முன்பக்கம் முழுக்கப் பச்சை எழுத்து. விலை மற்றதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. பின்பக்கம் பொடி எழுத்தில் மரவள்ளி ஸ்டார்ச், கரும்புச் சர்க்கரை. அவர்கள் பொய் சொல்லவில்லை, க்ளூட்டன் இல்லைதான். ஆனால் குடல் நோய்க்காரர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் அந்தப் பச்சை எழுத்தை நம்பித்தான் காசு கொடுக்கிறார்கள். 'நைட்ரைட் சேர்க்கவில்லை' என்று போட்டு செலரிப் பொடி சேர்த்திருந்தாலும் உஷார். செலரியில் இயற்கையாகவே நைட்ரேட் இருக்கிறது, பதப்படுத்தும்போது அது நைட்ரைட்டாக மாறி அதே வேலையைத்தான் செய்யும்.

சரி, கடைக்கு வருவோம். ஷோகேஸில் சாதாரண நாட்களில் இருக்கிற பிரிட்டிஷ் பாணி சாசேஜில் கோதுமை ரஸ்க் தூள் இருக்கிறது, அதைக் கல்லாவில் இருக்கும் பெரியவரே மறைக்காமல் சொன்னார். ரஸ்க் போடாமல் முடியுமா என்று நான் கேட்டதற்கு வந்த பதில் இது:

"பண்ணலாம்மா. ஆனா தவாவுல போட்டா தண்ணி விடும், சுருங்கும். அப்புறம் சைஸ் குறைஞ்சிடுச்சுன்னு சொல்லக் கூடாது."

"சுருங்கினா பரவாயில்ல அங்கிள், மாவு மட்டும் இருக்கக் கூடாது. மசாலா பாக்கெட்டும் வேணாம். மிளகு, பூண்டு, ஜாதிக்காய் முழுசா வாங்கி நீங்களே அரைச்சுப் போடுங்க."

"சர்க்கரை?"

"அதுவும் வேணாம்."

"அப்ப காலைல முதல் வேலையா உங்களுதப் போட்டுடறேன். மெஷின் கழுவியிருக்கும், முந்தின மாவு ஒட்டியிருக்காது."

மெஷின் விஷயத்தை நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னது. இந்தக் கடைக்கு நான் மார்க் போடுவது அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். சீலியாக் இருக்கிறவர்கள் வீட்டில் இது வெறும் நல்லெண்ணம் இல்லை, அவசியம்.

மாவு இல்லாமல் சாசேஜ் எப்படிச் சேர்ந்து நிற்கிறது என்பதையும் அங்கேதான் பார்த்தேன். கறியையும் கொழுப்பையும் ஃப்ரீசரில் வைத்து, விறைக்க ஆரம்பிக்கிற பதத்தில் எடுத்து அரைக்கிறார்கள். கிலோவுக்கு 18 கிராம் உப்பு போட்டு, ஒரு கை ஐஸ் தூள் போட்டுப் பிசைகிறார்கள். முதலில் உதிரியாக இருந்த கறி கொஞ்ச நேரத்தில் பசை மாதிரி ஆகிறது. பையன் ஒரு உருண்டையை உள்ளங்கையில் ஒட்டிக் கையைக் கவிழ்த்துக் காட்டினான், விழவில்லை. உப்பு கறியிலிருக்கும் புரதத்தைக் கரைத்து வெளியே கொண்டுவருவதால் வரும் பசை அது. சூடேறிக் கொழுப்பு உருகிவிட்டால் இந்தப் பசை பிடிக்காது, அதனால்தான் அந்த ஐஸ். பெரிய கம்பெனிகள் ஸ்டார்ச்சையும் பாஸ்பேட்டையும் வைத்துச் சாதிப்பதை இவர்கள் குளிரையும் கையையும் வைத்துச் சாதிக்கிறார்கள். உறை ஆட்டுக்குடல். செயற்கை உறை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் உறையே இல்லாமல் உருட்டித் தரச் சொல்லுங்கள்.

ருசி? பாக்கெட் சாசேஜின் ரப்பர் மெத்துமெத்து இதில் இருக்காது. கடித்தால் கறி தெரியும், பொலபொலவென்று பிரியும். சிக்கன் வேண்டுமென்றால் தொடைக்கறியில் போடச் சொல்லுங்கள், நெஞ்சுக்கறியில் போட்டது கொஞ்சம் வறண்டுதான் வந்தது. போர்க் ரொம்ப நன்றாக இருக்கிறது. பூண்டு தூக்கல், உப்பு அளவு. அவர் சொன்ன மாதிரியே சுருங்கும், நெய் விட்டு மிதமான தீயில் மெதுவாகப் புரட்டினால் கொஞ்சம் குறைவாகச் சுருங்கும். தெர்மாமீட்டர் குச்சி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் போர்க் 71 டிகிரி, சிக்கன் 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். நைட்ரைட் இல்லாததால் வெந்ததும் நிறம் இளஞ்சிவப்பாக இருக்காது, சாம்பல் பூத்த பழுப்பாக இருக்கும், கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம். ஆனால் அதே காரணத்தால் இது தாங்காது. ஃப்ரிட்ஜில் இரண்டு நாள், அதற்கு மேல் என்றால் வாங்கிய அன்றே ஃப்ரீசர்.

நம்பிக்கை ஒரு பக்கம், சோதனை ஒரு பக்கம். வேகவைத்த சாசேஜில் ஒரு துண்டு வெட்டி, ஆறவிட்டு, மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் அயோடின் டிங்க்சரை ஒரு சொட்டு விடுங்கள். ஸ்டார்ச் இருந்தால் அந்த இடம் கருநீலமாகிவிடும். ஃப்ரீசர் பாக்கெட் சாசேஜ் துண்டு முழுக்க மை கொட்டிய மாதிரி ஆனது. கடை சாசேஜில் அயோடினின் பழுப்பு நிறம் அப்படியே நின்றது, அங்கங்கே மிளகுத் துணுக்குகள் மட்டும் கறுத்தன. மிளகிலேயே ஸ்டார்ச் உண்டு, அதனால் அது சரிதான். சோதித்த துண்டைக் குப்பையில் போட்டுவிடுங்கள், யாரும் வாயில் வைக்கக் கூடாது. சர்க்கரை இருக்கிறதா என்று இந்தச் சோதனை சொல்லாது, அதற்குக் கடைக்காரர் வார்த்தைதான்.

இதே கடையில் இருக்கும் ஹாம், சலாமி, லஞ்சன் மீட் எதையும் நாங்கள் தொடுவதில்லை. நைட்ரைட், சர்க்கரை, மாவு இல்லாமல் அவற்றைச் செய்வதில்லை என்று அவரே சொல்லிவிட்டார். பேக்கனிலும் சர்க்கரை உண்டு. நன்றாக மொறுமொறுவென்று வறுத்த பேக்கன் எப்போதாவது பரவாயில்லை என்று இந்த டயட்டில் ஒரு சலுகை இருக்கிறது, தம்பிக்கு அது இல்லாமலே ஓடுகிறது. கோவா சாசேஜ் வீட்டுக்கு வீடு கைப்பக்குவம் மாறும், சிலர் சர்க்கரை சேர்ப்பார்கள், கேட்காமல் வாங்க வேண்டாம்.

ஒன்றை விட்டுவிட்டால் மனசு ஆறாது, நம்ம உப்புக்கண்டம். ஆட்டுக்கறியை நீளநீளமாக அரிந்து, உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் புரட்டி, நூலில் கோத்து வெயிலில் காயப்போட்டது. இந்த டயட்டின் கட்டுப்பாட்டுக்குள் ஏறக்குறையக் கேள்வியே இல்லாமல் வந்துவிடுகிற பதப்படுத்திய கறி எனக்குத் தெரிந்து இதுதான். பெங்களூர் ஈரக்காற்றில் போட்டால் பூசணம்தான் பூக்கும், ஊரில் சித்திரை வெயிலில் போட்டு வாங்கி வந்தால்தான் உண்டு. மிளகாய்த்தூள் மட்டும் வீட்டில் திரித்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள், குழம்பு மிளகாய்த்தூள் என்றால் அரிசியோ பருப்போ சேர்ந்திருக்கும். வெந்நீரில் ஊறவைத்து உப்பை இறக்கி, அம்மியில் தட்டி, நல்லெண்ணெயில் பொரித்துத் தயிரோடு கொடுத்தால் தம்பி வாய் திறந்து பேசாமல் சாப்பிடுவான். காரம் குடலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதற்காகத் தினமும் வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015இல் பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் வைத்தது. தினமும் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடுகிறது என்பது அவர்கள் கணக்கு. ஏற்கெனவே குடல் புண்பட்டவர்கள் இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்த டயட்டையும் மந்திரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். க்ரோன்ஸ் உள்ள 194 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், ஆறு வாரத்தில் அறிகுறிகள் தணிந்தவர்கள் எஸ்.சி.டியில் 46.5 சதவீதம், மத்தியதரைக்கடல் உணவுமுறையில் 43.5 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. தம்பிக்கு எஸ்.சி.டி ஒத்துப்போனது, அதனால் தொடர்கிறோம். உங்களுக்கு எது என்பதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

கடைசியாகக் கடையின் குறைகள். இரண்டு கிலோவுக்குக் குறைந்தால் தனியாக அரைக்க மாட்டார்கள், முந்தின நாளே போனில் சொல்லி வைக்க வேண்டும். டெலிவரி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வருகிற கூட்டத்தில் நம் ஸ்பெஷல் கோரிக்கையை யாரும் காதில் வாங்க மாட்டார்கள், அன்றைக்குப் போகவே வேண்டாம். வாரநாளில் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், ஐஸ் பாக்கெட் போட்ட பை ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். ஃப்ரேசர் டவுனிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரைக்கும் டிராஃபிக்கில் அந்தக் கறி சூடாகாமல் வர வேண்டும்.