கொண்டோ கலாஞ்சோவுக்கு ஆஸ்மோகோட் 14-14-14: வாங்கலாம், பாதி போடுங்கள்

‘இதைப் போட்டால் பூ கொட்டும்’ என்று சொல்லித்தான் நர்சரிகளில் ஆஸ்மோகோட் என்ற, மெதுவாகக் கசியும் இந்த மஞ்சள் உர மணிகளை விற்பார்கள். பூவுக்கும் இதற்கும் அவ்வளவு நேரடிச் சம்பந்தம் இல்லை. ஆனால் உரம் என்று பார்த்தால், வாரா வாரம் கரைத்து ஊற்ற நேரமில்லாத கொண்டோ (அடுக்குமாடி) வாசிகளுக்கு ஆஸ்மோகோட் நல்ல சரக்கு. பொட்டலத்தில் உள்ள அளவையும் மாதக் கணக்கையும் மட்டும் அப்படியே நம்பக்கூடாது.

ஒவ்வொரு மணியும் பிசின் பூச்சுக்குள் அடைத்த உர உப்பு. ஈரம் பூச்சு வழியே உள்ளே போய் உப்பைக் கரைக்கிறது. கரைசல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கசிகிறது. கசியும் வேகத்தைப் பெரும்பாலும் வெப்பம்தான் தீர்மானிக்கிறது. ‘3-4 மாதம்’ என்ற கணக்கு 21 டிகிரியில் போட்டது. கோலாலம்பூரில் ராத்திரியில்கூட அவ்வளவு குளிர்வதில்லை. பகலில் 32, 33 டிகிரி சாதாரணம். ஆகவே நம் ஊரில் இந்த வகை இரண்டு, இரண்டரை மாதத்தில் ஏறக்குறையக் காலியாகிவிடும். அதே உரம் குறைந்த நாளில் இறங்குகிறது என்றால், செடிக்கு ஒரு நாளில் கிடைக்கும் உப்பு கூடுகிறது. கலாஞ்சோ மாதிரிச் சதைப்பற்றுச் செடி இதைத் தாங்காது. மேற்கு பார்த்த பால்கனியில் கறுப்புப் பிளாஸ்டிக் சாடி என்றால் நிலைமை இன்னும் மோசம்: மாலை வெயிலில் சாடியே சுட்டு, ஒரே வாரத்தில் தேவைக்கு மேல் உரம் இறங்கிவிடும்.

சாதாரணப் பூச்செடிக்கு ஒரு லிட்டர் மண் கலவைக்கு 3 முதல் 5 கிராம் போடுவார்கள். கலாஞ்சோவுக்கு 2 கிராம் போதும். 12 செ.மீ. சாடி ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவே கொள்ளும். அரைத் தேக்கரண்டிக்கும் கொஞ்சம் குறைவாக எடுத்தால் கணக்கு சரி. மேலே தூவிவிடுவது சுலபம்தான். ஆனால் இந்தச் செடிக்கு மண் நன்றாகக் காய்ந்த பிறகே தண்ணீர் ஊற்றுகிறோம், அதனால் மேலே கிடக்கும் மணி ஒரு நாள் ஈரம், நாலு நாள் காய்ச்சல் என்று தாறுமாறாகக் கசியும். வேகமாக ஊற்றினால் மிதந்து வெளியேயும் போய்விடும். சாடியின் ஓரமாக, தண்டை விட்டுத் தள்ளி, பழைய சாப்ஸ்டிக்கால் 3 செ.மீ. ஆழத்துக்கு நாலைந்து துளை போட்டு, மணிகளைப் பிரித்து உள்ளே தள்ளி மூடுங்கள். குத்தும்போது மணி உடையக்கூடாது. உடைந்தால் உள்ளே உள்ளது மொத்தமும் ஒரே நேரத்தில் வேரில் இறங்கும்.

தீர்ந்ததா இல்லையா என்பதை மணியின் தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. உரம் போன பிறகும் ஓடு அப்படியே உருண்டையாக மண்ணில் கிடக்கும். இரண்டு மாதம் கழித்து ஒன்றைக் கிளறி எடுத்து விரலிடுக்கில் நசுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் இன்னும் உப்பு மிச்சம். ‘புளிச்’ என்று தண்ணீர் தெறித்தால் முக்கால்வாசி முடிந்தது. வெறும் தோலாகச் சப்பிப்போனால் காலி. இதைப் பார்க்காமல் மாதக் கணக்கு வைத்து மேலே மேலே போடுவதால்தான் பல செடிகள் போகின்றன. இலை ஓரம் பழுப்பாகக் கருகுவதும் சாடி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படிவதும் உரம் கூடியதற்கு அடையாளம். சாடியின் கொள்ளளவைப் போல மூன்று, நான்கு மடங்கு தண்ணீரை மெதுவாக ஊற்றி அடியில் வடியவிட்டால் தேறும். அடித்தண்டு கறுத்துக் குழைந்திருந்தால் அது அழுகல். அங்கே தண்ணீர் ஊற்றிக் கழுவினால் செடி இன்னும் சீக்கிரம் போகும்.

ஒரு குறை உண்டு. 14-14-14 என்பது நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் (என்பிகே) சதவீதம். இந்த வகையில் மக்னீசியத்தை எதிர்பார்க்க முடியாது. நம் குழாய்த் தண்ணீரிலும் அது குறைவு. கோகோபிட் (தேங்காய் நார்த்தூள்) கலவையில் நாளாக நாளாக அடியிலைகளில் நரம்பு பச்சையாக இருக்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகும். அந்த வகையில் நம் ஊர் ‘என்பிகே பிரு’, அதாவது 12-12-17-2 நீலக் குருணை, தேவலாம்: பொட்டாசியம் அதிகம், கடைசி 2 மக்னீசியம், விலையும் மலிவு. ஒரு கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, மண் லேசாக ஈரமாக இருக்கும்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊற்றலாம். முழுக்கக் கரையாது, அடியில் வண்டல் நிற்கும். ஸ்பிரே பாட்டிலில் ஊற்றினால் மூக்கு அடைத்துக்கொள்ளும். அதையே குருணையாகச் சின்னச் சாடியில் போடாதீர்கள், பூச்சு இல்லாததால் விழுந்த இடத்தில் வேர் வெந்துவிடும். கைராசியும் பொறுமையும் உள்ளவர்களுக்கு நீலம், அடிக்கடி ஊருக்குப் போய் வருபவர்களுக்கு மஞ்சள் என்பது என் கட்சி.

சுங்கை பூலோ நர்சரி வரிசையிலும் ஆன்லைனிலும் பெரிய மூட்டையைப் பிரித்து, 100, 200 கிராம் பிளாஸ்டிக் பைகளில் விற்கிறார்கள். அதில் எத்தனை மாத வகை என்று எழுதியிருக்காது. நீண்ட நாள் வகைகளும் பார்க்க ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், எனவே கேட்டு வாங்குங்கள். பையின் அடியில் வெள்ளைத் தூள் தேங்கியிருந்தால் மணிகள் உடைந்தவை. சந்தேகம் இருந்தால் பத்து மணியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். பூச்சு உள்ளது அப்படியே கிடக்கும், சாயம் போட்ட சாதா உரம் கரைந்து கலங்கும். மிச்சத்தை மைலோ டின்னில் இறுக மூடி வையுங்கள்.

பூ விஷயத்துக்கு வருவோம். கலாஞ்சோ மொட்டு விடுவது இருட்டைப் பார்த்து. ஏறத்தாழ ஆறு வாரம், தினமும் 14 மணி நேரம் முழு இருட்டு வேண்டும். இங்கே வருடம் முழுக்க இரவு 12 மணி நேரம்தான், அதிலும் ஹால் விளக்கு நடுநிசி வரை எரியும். எந்த உரமும் இதைச் சரிக்கட்டாது. தீபாவளிச் சமயத்தில் தொடங்கி மாலை 6 முதல் காலை 8 வரை அட்டைப் பெட்டியால் மூடினால், சீனப் புத்தாண்டை ஒட்டிப் பூ பார்க்கலாம். பெட்டி வெக்கையில் இருந்தால் மொட்டு தள்ளிப்போகும். ஏர்கான் அறை நல்லது. மூடும் நாட்களில் புது மணி போட வேண்டாம். மொட்டு கண்ணுக்குத் தெரிந்ததும் நீல உரக் கரைசலைப் பாதி அளவில் ஒருமுறை கொடுங்கள்.