பாடவாரித் தேர்வுத் தயாரிப்புச் சேவை: சில செமஸ்டர்கள் பயன்படுத்திய பிறகு

கட்டணத் தேர்வுத் தயாரிப்புச் சேவை ஒன்றை முதலாம் ஆண்டிலிருந்தே பயன்படுத்தி வருகிறேன். இந்த வகைச் சேவைகள் எல்லாம் சொல்வது ஒன்றுதான்: பல்கலைக்கழகத்தையும் பாடக் குறியீட்டையும் தேர்ந்தெடுங்கள், உங்கள் பாடத்துக்கென்றே தயாரித்த நோட்ஸ், வினா வங்கி, மாதிரித் தேர்வு எல்லாம் வந்துவிடும். அந்த ‘உங்கள் பாடத்துக்கென்றே’ என்பதற்குத்தான் காசு. அது எந்த அளவுக்கு உண்மை என்று பார்க்காமல் சந்தா கட்டக் கூடாது.

நான் பார்த்தவரை, பின்னால் இருப்பது ஒரு பொதுவான வினாத் தொகுப்பு. உங்கள் சிலபஸின் வரிசைப்படி அதை அடுக்கிக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். கால்குலஸுக்கு இது போதும். வெப்ப இயக்கவியலில்தான் வம்பு வந்தது. ஒரு வாயு 500 ஜூல் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, விரிந்து 200 ஜூல் வேலை செய்கிறது. அக ஆற்றல் எவ்வளவு கூடும்? 300 ஜூல். இதில் சண்டையே இல்லை. ஆனால் வேலையின் குறி என்ன என்று கேட்டால் நிலைமை வேறு. இயற்பியல், பொறியியல் புத்தகங்களில் பெரும்பாலும் வாயு செய்யும் வேலையை +200 என்று வைத்து, வெப்பத்திலிருந்து கழிப்பார்கள். வேதியியலில் வாயுவின் மீது செய்யப்படும் வேலைதான் கணக்கு. ஆகவே அது −200, அதை வெப்பத்தோடு கூட்ட வேண்டும். என் சேவையில் ஒரே பாட அலகுக்குள் இரண்டு முறையும் கலந்து கிடந்தன. வகுப்பில் சொல்லித் தந்தபடி போட்ட விடைக்குச் சிவப்புக் குறி விழுந்தது. எந்த முறை என்று ஒரு வரி விளக்கம்கூட இல்லை. புகார் அனுப்பினேன், நன்றி சொல்லிப் பதில் வந்தது, கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

எனவே இலவசச் சோதனைக் காலத்தில் முதல் அலகைத் திறக்காதீர்கள். அதை எல்லோருமே மெருகேற்றித்தான் வைத்திருப்பார்கள். குறியீடும் முறையும் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிற நடு அலகு ஒன்றை எடுத்து, வகுப்பில் ஏற்கெனவே போட்ட கணக்குகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இவ்வளவு குறை சொல்லியும் ஏன் விடவில்லை என்றால், தவறான விடைகளுக்கு அது தரும் விளக்கத்துக்காக. கன அளவு மாறாமல் ஒரு வாயுவை 27 டிகிரி செல்சியஸிலிருந்து 54 டிகிரிக்குச் சூடாக்கினால் அழுத்தம் என்னவாகும்? ‘இரண்டு மடங்கு’ என்று தேர்ந்தெடுத்தால், வெறுமனே ‘தவறு’ என்று சொல்லி நிறுத்துவதில்லை. ‘செல்சியஸிலேயே வகுத்துவிட்டீர்கள், 300 கெல்வினிலிருந்து 327 கெல்வினுக்குத்தான் போகிறது, அழுத்தம் 9 சதவீதமே கூடும்’ என்று எங்கே சறுக்கியது என்பதையே காட்டுகிறது. சரியான விடையின் படிகளை மட்டும் ஒட்டிவைக்கும் சேவைகளையும் பார்த்திருக்கிறேன். அவற்றுக்குப் பாடப்புத்தகமே போதும்.

நோட்ஸும் வீடியோவும் அழகாக இருக்கின்றன. நான் அதிகம் திறப்பதில்லை. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இந்த விஷயத்தில் பிரபலம். ஒரு பத்தியை மறுபடி படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 81 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். படித்தபின் தங்களையே சோதித்துக்கொண்டவர்கள் 75 சதவீதம். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது முன்னவர்கள் 42, பின்னவர்கள் 56. தேர்வுக்கு முந்தைய நாள் இரவு வீடியோ பார்த்தால் எல்லாம் புரிந்த மாதிரி இருப்பது ஏன் என்று இதிலிருந்தே புரியும்.

சந்தேகம் தீர்க்கும் ஏஐ உதவியாளர் பரவாயில்லை ரகம். படிகளைப் பொறுமையாக விளக்கும். ஆனால் ‘எங்கள் வகுப்பில் குறி மாற்றித்தான் போடுவோம்’ என்றால் உடனே ‘ஆமாம், அதுதான் சரி’ என்று தலையாட்டும். திருப்பிக் கேட்டால் அதற்கும் தலையாட்டும். மனிதர்கள் பதில் சொல்லும் பகுதி நன்றாக இருக்கிறது, தேர்வு நெருங்கும்வரை. அப்புறம் வரிசை நீண்டுவிடும்.

‘தேர்ச்சி இல்லையேல் பணம் வாபஸ்’ என்பதன் நிபந்தனைகளைக் கட்டாயம் படியுங்கள். என்னுடையதில் எல்லா மாதிரித் தேர்வுகளையும் குறித்த தேதிக்குள் முடித்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. அதையெல்லாம் செய்து முடிப்பவர் பெரும்பாலும் தேறிவிடுவார்!

ஆண்டுச் சந்தா மலிவாகத் தெரியும், ஆனால் விடுமுறை மாதங்களுக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். தானாகப் புதுப்பிப்பதை வாங்கிய அன்றே அணைத்துவிடுங்கள்.

கூட்டம் அதிகமுள்ள முதலிரண்டு ஆண்டுப் பாடங்களுக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன். சிறிய விருப்பப் பாடங்களுக்கு வேண்டாம்; கேள்விகள் சொற்பம், அவையும் வேறு பாடத்திலிருந்து இழுத்துவந்தவை. அங்கே துறையின் பழைய வினாத்தாள்களே மேல். இந்த செமஸ்டருக்கு ஒரே ஒரு பாடத்துக்கு மட்டும் மாதச் சந்தா போட்டிருக்கிறேன்.